கிட்டிய உறவு என்ற கட்டம்

2012 மார்ச் 11, ஞாயிறு

நிரோஜன் வந்து போனான். இந்த நாட்டு இராணுவத்தில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இன்றுவரை சீருடையோடு இந்த வீட்டுப் படி ஏறியதில்லை. ஜீன்ஸும் பழைய ஜம்பரும் போட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளை போலத்தான் வருவான். அம்மா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வைத்திருந்தார். வழக்கமான ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சாப்பாடு ஒழுங்காக் குடுக்கினமோ?"

"ஓம் அம்மா."

அத்தோடு இராணுவம் பற்றிய பேச்சு முடிந்தது. மூன்று வருடமாக அந்த ஒரு கேள்விதான்.

பின்னேரம் என்னைக் கால்வாய்க் கரைக்கு நடக்கக் கூட்டிப் போனான். லண்டனின் இந்த மூலையில், அல்பேட்டனில், நடப்பதற்கு வேறு இடமில்லை. ஒரு பழைய படகைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, உன்ரை பேரைத்தான் போட்டிருக்கிறன்."

"எதிலை?"

"என்.ஓ.கே. எண்ட கட்டத்திலை."

கிட்டிய உறவு. ஏப்ரலில் ஆப்கானிஸ்தான் போகிறான், ஆறு மாதம். போகுமுன் ஒவ்வொருவரும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமாம். மனைவி இல்லாதவர்கள் தாயின் பெயரைப் போடுவார்களாம்.

"சின்னக் காயமெண்டால் போன் அடிப்பினம். பெருசெண்டால் ஆக்கள் வருவினம். ரெண்டு பேர், சூட் போட்டு. என்.ஓ.கே.யைத் தவிர வேறை ஒருத்தரிட்டையும் வாய் திறக்க மாட்டினம்."

"பெருசெண்டால் எவ்வளவு பெருசு?"

"அம்மா கதவைத் திறக்கக்கூடாது அக்கா. அவ்வளவுதான்" என்றான்.

இதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தொண்ணூற்றாறில், ஊரில், எங்கள் வீட்டுக் கதவை ஆமி தட்டியபோது திறந்தது அம்மா. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று அப்பாவைக் கூட்டிப் போனார்கள். எனக்குப் பதினொன்று, நிரோஜனுக்கு ஆறு. அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. லண்டன் வந்து இந்த பிளாட்டுக்குள் புகுந்த முதல் கிழமையே அம்மா வாசல் மணியின் பட்டரியைக் கழற்றிவிட்டார். வருகிறவர்கள் போன் அடித்துவிட்டு வரவேண்டும். தபால்காரர் தட்டினால் நான்தான் போய்த் திறப்பேன்.

"ஆனா நான் இருக்கிறதும் அம்மாவோடைதானே" என்றேன்.

"அதுதான்" என்றான். பிறகு, என் முகத்தைப் பாராமல், "உனக்கு வேறை ஒரு அட்ரஸ் இருந்தால்…" என்றான்.

தம்பி என்னிடம் எதுவும் கேட்கிறவன் அல்ல. கேட்டபோது காது சிவந்திருந்தது.


மார்ச் 13, செவ்வாய்

படைப்பிரிவிலிருந்து குடும்பங்களுக்கான கைநூல் வந்திருக்கிறது, நான் வேலை செய்யும் நூலகத்தின் முகவரிக்கு. பின்னால் நான்கு பக்கம் சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம். ஒரு சுருக்கத்தை விளக்க இன்னும் இரண்டு சுருக்கங்களைப் பாவித்திருக்கிறார்கள். மதிய இடைவேளையில் உசாத்துணைப் பகுதியிலிருந்து இராணுவ அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி இருந்தது.

இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். யு.டபிள்யு.ஓ. என்பவர் குடும்ப நலன் பார்க்கும் அதிகாரி. பி.எஃப்.பி.ஓ. என்பது அவர்களுடைய தபால். ஆர் அண்ட் ஆர் என்றால் நடுவில் வரும் இரண்டு கிழமை விடுமுறை. ஐ.ஈ.டி. வீதியோரம் புதைக்கிற வெடி. இந்தக் கடைசி ஒன்றுக்கு எதிரே மட்டும் விளக்கம் எழுதவில்லை.

அம்மாவுக்கு இவை ஒன்றும் தெரியாது. ஆனால் எறிகணை வருகிற சத்தத்தைக் கேட்டு அது தலைக்கு மேலால் போகுமா, கிட்ட விழுமா என்று சொல்லக்கூடியவர். அவருடைய அகராதி வேறு.


மார்ச் 24, சனி

நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் மோரின், ஹரோவில் தனியாக இருக்கிறார். அவருடைய மகளின் அறை சும்மா கிடக்கிறது. வேலைக்குக் கிட்ட என்று சொல்லிக் கேட்டேன். மோரின் மேலே ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிழமையில் ஐந்து நாள் அங்கே, வெள்ளி சனி அம்மாவோடு.

அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆர் ஆள்?"

"ஆளொண்டும் இல்லை அம்மா. வேலைக்குக் கிட்ட."

"ஆறு வருசமா அந்த வேலைக்குத்தானே இஞ்சையிருந்து போனனீ. ஆரெண்டாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வா. வெள்ளையோ?"

"அம்மா."

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரனோ? வேதக்காரரிலையும் நல்ல ஆக்கள் இருக்கினம்."

நான் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டும். இருபத்தேழு வயதில் இல்லாத ஒருவனுக்காக வெட்கப்பட வேண்டியிருக்கிறது. உடுப்புகளை ஒரு சூட்கேஸில் அடுக்கினேன். அம்மா ஒரு போத்தல் மிளகாய்த்தூளை மேலே வைத்தார்.


ஏப்ரல் 9, திங்கள்

போய்விட்டான்.


ஏப்ரல் 13, வெள்ளி

வருடப்பிறப்பு. கோயிலில் சனம் நெருக்கியடித்தது. அம்மா அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது சொன்னார், பிறகு கேட்காமலே, "பிள்ளை சைப்ரஸிலை நிக்கிறான்" என்றார். சைப்ரஸ் என்பது நானும் நிரோஜனும் முடிவு செய்த ஊர். அங்கே ஒரு முகாம் இருக்கிறது, கடல் இருக்கிறது, யாரும் யாரையும் சுடுவதில்லை. அம்மா அந்த ஊரின் பெயரை மிகக் கவனமாக உச்சரிக்கிறார்.


மே 6, ஞாயிறு

அவர்களுக்குக் கிழமைக்கு முப்பது நிமிடம் போன் இலவசம். இருபதை எனக்கும் பத்தை அம்மாவுக்கும் பிரிக்கிறான். இன்று நான் அம்மாவோடு நின்றேன்.

"சாப்பாடு ஒழுங்காக் குடுக்கினமோ? … ஓம் … ஓம் … வெயிலுக்கை நில்லாதை."

பேச்சு முடிந்த பிறகும் அம்மா போனைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"பின்னாலை ஹெலி நிலத்தோடை பதிஞ்சு போன சத்தம் கேட்டுது. ரெண்டு. சைப்ரஸிலையும் ஹெலி பதிஞ்சே போறது?"

"பயிற்சியா இருக்கும் அம்மா."

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு உலைக்கு அரிசி கழுவப் போனார்.

அம்மா நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன்.


மே 22, செவ்வாய்

ஞாயிறு போன் வரவில்லை. திங்களும் வரவில்லை. நலன் அதிகாரியின் அலுவலகத்துக்கு அடித்தேன். ஒரு பெண் மிகவும் இனிமையாக, "இப்போது மினிமைஸ் நடக்கிறது" என்றார். கைநூலில் பார்த்தேன். அங்கே யாராவது பெரிதாகக் காயப்பட்டால், அல்லது இறந்தால், முகாமின் போன், இணையம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். அந்த ஆளின் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லி முடியும்வரை திறக்கமாட்டார்கள். வீட்டார் முகநூலில் பார்த்து அறியக்கூடாது என்பதற்காக.

சரியான ஏற்பாடுதான். ஆனால் இதன் பொருள், அந்தப் பிரிவைச் சேர்ந்த எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் தங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது.

மோரினின் கதவில் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறது. அதற்கு அப்பால் போகிறவர்கள் எல்லோரும் கறுப்புச் சூட் போட்டவர்களாகத் தெரிகிறார்கள்.


மே 23, புதன்

மாலை ஆறரைக்கு போன். அவன்தான். "அக்கா, நான் நல்லாயிருக்கிறன்." வேறு யாரோ. பெயர் சொன்னான், நான் இங்கே எழுதவில்லை. பத்தொன்பது வயது.

போனை வைத்துவிட்டு ஒரு துண்டுப் பாணில் பட்டர் பூசி, சீனி தூவி, நின்றபடியே சாப்பிட்டேன். இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன். இன்னொரு வீட்டில் இன்று கதவு திறந்திருக்கிறது. எனக்குப் பசித்தது.


ஜூன் 17, ஞாயிறு

களைப்பாக இருக்கிறது. இரண்டு வீடு, இரண்டு பல்துலக்கி, எந்தப் புத்தகம் எங்கே என்று தெரியாத நிலை. கிழமை தோறும் நீலக் கடிதத்தாளில் அவனுக்கு எழுதுகிறேன். நீலத்தாள் என்பதால் அவர்கள் அதை புளூயி என்கிறார்கள். செய்தி ஒன்றுமில்லை, ஆகவே வாசிக்கும் நாவல்களின் கதையைத் தவணை முறையில் எழுதி அனுப்புகிறேன். கூடாரத்தில் அதை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுகிறானாம். "அந்தப் பெண் கடைசியில் அவனைக் கட்டுகிறாளா என்று கோப்ரல் கேட்கிறார்" என்று எழுதியிருந்தான். கட்டவில்லை என்று எழுத மனமில்லை. கட்டுகிறாள் என்று எழுதிவிட்டேன்.

அம்மா ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலையில் கூடுதல் நேரம் எடுக்கிறார். அங்குள்ள குளிரறையில் நின்று நின்று கை வெடித்திருக்கிறது. ஆப்கானிஸ்தானுக்குப் போகும் விமானம் ஏதும் அங்கிருந்து சாப்பாடு ஏற்றுமா என்று ஒரு சகவேலைக்காரியிடம் கேட்டாராம். அந்தப் பெண்மணி கோயிலில் என்னிடம் சொன்னார். எதற்காகக் கேட்டிருப்பார் என்று நான் யோசிக்கவில்லை.


ஜூலை 29, ஞாயிறு

ஒலிம்பிக்ஸ். வெம்பிளியில் உதைபந்தாட்டம், காவலுக்கு இராணுவத்தைப் போட்டிருக்கிறார்கள். அம்மாவும் நானும் பஸ்ஸில் போனபோது நடைபாதையில் ஒரு பத்துப் பேர் சீருடையோடு நின்றார்கள். நான் அம்மாவை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றி இருத்தப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. கழுத்தைத் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சின்னப் பெடியங்கள்" என்றார். பிறகு, "ஒருத்தனுக்குப் பிடரியிலை வெயில் எரிச்சுப்போட்டுது. தேங்காயெண்ணெய் பூசச் சொல்ல வேணும்" என்றார்.


ஆகஸ்ட் 7, செவ்வாய்

அம்மாவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அல்பேட்டனில் நிற்கிறேன். ஞாயிறு போன் வரவில்லை. சில வேளை வரிசையில் நின்று முறை கிடைத்திருக்காது.


ஆகஸ்ட் 8, புதன்

மினிமைஸ். அலுவலகத்தில் அதே இனிய குரல். காய்ச்சல் குறையவில்லை, அம்மாவை விட்டுவிட்டு ஹரோவுக்குப் போக முடியாது. போன முறையும் இப்படித்தான், போன முறையும் வேறு யாரோதான். மோரினுக்கு அடித்து, யாராவது என்னைத் தேடி வந்தால் எனக்கு உடனே போன் அடியுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஏன் என்று கேட்பார். சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.


ஆகஸ்ட் 9, வியாழன்

நடந்த ஒழுங்கில் எழுத முயல்கிறேன்.

காலை பத்து மணிக்குப் பனடோலும் இஞ்சியும் வாங்கக் கடைக்குப் போனேன். இருபத்தைந்து நிமிடம். திரும்பி மாடிப்படி ஏறியபோது எங்கள் கதவுக்கு வெளியே, அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில், இரண்டு சோடிக் கறுப்புச் சப்பாத்து இருந்தது. ஒன்று பெரியது, ஒன்று பெண்ணுடையது. முகம் பார்க்கலாம் போல மினுக்கியிருந்தது. நாடாக்களை உள்ளே மடித்து விட்டிருந்தார்கள்.

ஆள் வந்தால் பெரிது. எவ்வளவு பெரிது என்று கால்வாய்க் கரையில் கேட்டதற்குத் தம்பி சொல்லாத பதில் உள்ளே இருக்கிறது. சாவிக்குப் பதிலாக இஞ்சியைப் பூட்டில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

உள்ளே அவர்கள் சோபாவில், காலுறையோடு, ஆளுக்கொரு கப் தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிர்க் கதிரையில். ஆண் எழுந்தார். காலுறையோடு நேராக நிற்பது சுலபமல்ல, அவர் நின்றார்.

கப்டன் விட்லொக். கூட வந்த பெண் சார்ஜன்ட் பெல். முதலில் மோரின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மோரின் நல்ல மனதோடு, "தாயிடம் நிற்கிறாள்" என்று இந்த முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால் கொடுத்திருக்கமாட்டார்.

"மிஸ் தணிகாசலம், உங்களோடு தனியாகப் பேசலாமா?"

நான் அம்மாவிடம், "லைப்ரரி அலுவல் அம்மா, இவை…" என்று தொடங்கினேன்.

"லைப்ரரிக்காரர் இப்பிடி முதுகு நிமித்திக்கொண்டு இருக்க மாட்டினம்" என்றார் அம்மா. குரலில் காய்ச்சல் இருந்தது, நடுக்கம் இல்லை. "இருவது நிமிசமா இருக்கினம். 'மை சன்?' எண்டு கேட்டனான். பிள்ளை வரட்டும் எண்ட மாதிரிக் கையைக் காட்டினவர். கூட வந்த பெட்டைக்குக் கண் கலங்கிப் போச்சு. ஏனெண்டு எனக்குத் தெரியாதே? கேள். உயிரோடை இருக்கிறானோ எண்டு கேள்."

கப்டனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேள்வி விளங்கியிருக்கும். அவர் என்னையே பார்த்தார். கட்டத்தில் என் பெயர்தான் இருக்கிறது. என் அனுமதி இல்லாமல் பெற்ற தாய்க்கு அவர் சொல்ல முடியாது. ஐந்து மாதமாக நாங்கள் கட்டிய சுவர் அது. அறைக்கு நடுவில், முறுக்குத் தட்டுக்கு மேலே நின்றது.

"இங்கேயே சொல்லுங்கள்" என்றேன்.

உயிரோடு இருக்கிறான். நேற்று அதிகாலை, நடந்து ரோந்து போகும்போது வெடித்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முகாம் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை முடிந்து, விமானத்தில் பர்மிங்காமுக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் ஒரு சுருக்கத்தையும் பாவித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டு விரித்துச் சொன்னார். வி.எஸ்.ஐ. என் பட்டியலில் பதினான்காவது. மிகக் கடுமையான நிலை, உயிருக்கு ஆபத்து உடனடியாக இருக்கிறது. எழுதும்போது மை தீர்ந்து, வேறு பேனாவால் முடித்தது நினைவிருக்கிறது. அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

"உயிரோடை இருக்கிறான் அம்மா. ஒரு கால்…"

"எது?"

"இடது. முழங்காலுக்குக் கீழை."

அம்மா கண்ணை மூடித் திறந்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். முழங்கால் மூட்டு மிஞ்சியிருக்கிறதா? எத்தனை போத்தல் இரத்தம் ஏற்றினார்கள்? வயிற்றில் சிதறல் இருக்கிறதா? தலையில்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தானா? மூத்திரம் போகிறதா? இடம்பெயர்ந்து போன ஊரில், பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் அம்மா ஆறு மாதம் தொண்டராக நின்றவர். அதை நான் எத்தனை வருடம் மறந்திருந்தேன்!

நான் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னேன். மூன்றாவது கேள்வியிலிருந்து கப்டன் என்னைப் பார்ப்பதை விட்டு அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். தெரியாதவற்றைச் சட்டைப்பைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, விறாந்தையில் போய் யாரிடமோ போனில் கேட்டு வந்தார். மூட்டு இருக்கிறது. வயிற்றில் இல்லை. விமானம் ஏற்றுமுன் ஒரு தடவை கண் திறந்தான்.

கடைசியில் அம்மா சொன்னார்: "அவையிட்டைச் சொல்லு. என்ரை மனிசனைக் கொண்டுபோனவை ஒருநாளும் திரும்பி வரேல்லை. இருக்கிறார் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. பதினாறு வருசம். சொல்ல வாற ஆமியை நான் இண்டைக்குத்தான் காணுறன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருந்து சொல்லுகினம். சொல்லு அவைக்கு."

பாதியைத்தான் சொல்ல முடிந்தது. சார்ஜன்ட் பெல் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்தபடியே, "தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை போடு பிள்ளை" என்றார்.


ஆகஸ்ட் 10, வெள்ளி

பர்மிங்காமுக்குப் போகும் கார். சார்ஜன்ட் பெல் ஓட்டினார். மழை. அம்மா காய்ச்சலோடு வந்தே தீருவேன் என்று வந்தார். பாதி வழியில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சைப்ரஸ் எண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கே தெரியும்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லேக்கை என்னெண்டு கேக்கிறது?"

மோரின் வீட்டு அறை எதற்கென்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அங்கை ஒருத்தனும் இல்லையோ?" என்றார்.

"இல்லை அம்மா."

"ச்சை. நான் கோயில்லை ஒரு நேர்த்திக்கடனும் வச்சிட்டன்."

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது அழுகையாகிவிட்டது. சார்ஜன்ட் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார்.

கொஞ்சம் ஆறிய பிறகு கேட்டேன். "நாங்கள் உங்களுக்குக் கதவு பயமெண்டு நினைச்சம். அந்த மணியைக் கழட்டினது…"

"பயமோ?" அம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மணி அடிக்க அடிக்க ஓடினன் பிள்ளை. உங்கடை அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரோ வந்திட்டினம் எண்டு. ஓடிப்போய்த் திறந்தால் பீட்சாக்காரன் நிப்பான், நோட்டீஸோடை. ஒரு நாளைக்கு மூண்டு தரம், நாலு தரம். தாங்கேலாமல்தான் கழட்டினனான்."




ஆகஸ்ட் 12, ஞாயிறு

இன்னும் மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தாடி வளர்ந்திருக்கிறது. போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அம்மா மற்றக் காலின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.


ஆகஸ்ட் 15, புதன்

பட்டியலில் அவன் நிலை ஒரு படி இறங்கியிருக்கிறது, எஸ்.ஐ. வெறும் கடுமையான நிலை. தாதி சொன்னபோது நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.


ஆகஸ்ட் 19, ஞாயிறு

தெளிவாகக் கதைக்கிறான். அம்மாவை அருகில் கண்டதும் முதலில் என்னைத்தான் முறைத்தான்.

"அக்கா, உன்னை நம்பித்தானே…"

"அவளை ஏசாதை" என்றார் அம்மா. "எல்லாம் உன்ரை அதிமூளையாலை வந்தது. சாப்பாடு ஒழுங்காக் குடுக்கினமோ?"

நலன் அதிகாரி பூக்களோடும் படிவத்தோடும் வந்தார். மருத்துவமனைக்கு வந்திருப்பதால் விபரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். என்.ஓ.கே. என்ற கட்டத்தை விரலால் காட்டினார். அம்மா அது என்ன கட்டம் என்று கேட்டார். சொன்னேன்.

"என்ரை பேரைப் போடு."

நிரோஜன் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா, நான் இனி எங்கை போகப்போறன்? இந்தக் காலோடை ஆமி என்னைச் சண்டைக்கு அனுப்புமே? அந்தக் கட்டத்துக்கு இனி வேலை இல்லை."

"இல்லாட்டில் நல்லது. போடு."

"ஏதும் நடந்தால் உங்களிட்டை வந்து சொல்லுவினம்."

"அதுக்குத்தான் போடச் சொல்லுறன்."

அவன் பேனாவை என்னிடம் நீட்டினான். நான் எழுதினேன். இராசமலர் தணிகாசலம், தாய், அல்பேட்டன் முகவரி. என் பெயர் கீழே இருந்த ஈ.சி. என்ற கட்டத்துக்குப் போனது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். கிட்டிய உறவு என்ற பாரம் ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னை விட்டு இறங்கியது. இறங்கிய இடத்தில் கொஞ்சம் வலித்தது.


செப்டம்பர் 2, ஞாயிறு

மோரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு மணி நேரம். அவர், "ஐயோ, நான் அந்த முகவரியைக் கொடுத்தேனே" என்று வாயைப் பொத்தினார். கொடுத்ததற்கு நன்றி என்றேன். சூட்கேஸைக் கட்டினேன். மிளகாய்த்தூள் போத்தலைத் திறக்கவே இல்லை, அவருக்கே விட்டுவிட்டு வந்தேன்.

வழியில் அம்மா போன் அடித்தார். "வரேக்கை மணிக்குப் பட்டரி வாங்கிக்கொண்டு வா. சின்னது, ரெண்டு."

கதிரையில் ஏறிப் போட்டேன். அம்மா என்னை வெளியே போய் மணியை அமர்த்தச் சொன்னார். அமர்த்தினேன். உள்ளே அவருடைய காலடிச் சத்தம், கெதியாக. திறந்தார். இன்னொரு தரம் என்றார். மூன்று தரம் அமர்த்தினேன். மூன்று தரமும் ஓடி வந்து திறந்தார். மூன்றாம் தரம் என் தோளுக்கு மேலால் மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேலை செய்யுது" என்றார்.